மதனன் என்ன செய்திருக்கலாம்?

கொச்சி மெட்ரோவில் இடப்பள்ளிக்கு அடுத்த நிலையத்தின் பெயர் சங்கம்புழ பூங்கா. கவிஞர் ஒருவரின் பெயரை அறிவிப்பில் கேட்டபடி மக்கள் ஏறி இறங்கும் வழித்தடங்கள் இந்தியாவில் மிகுதியாக இல்லை. சங்கம்புழ கிருஷ்ண பிள்ளையோடு எப்போதும் சேர்த்துச் சொல்லப்படும் மற்றொரு கவிஞர் இடப்பள்ளி ராகவன் பிள்ளை. அவர் அந்த வழித்தடத்தில் ஊர்ப்பெயராக மட்டுமே எஞ்சியிருக்கிறார். இருவரும் ஒரே ஊரினர்; நண்பர்கள். மலையாள இலக்கிய வரலாறு அவர்களை ‘இடப்பள்ளிக் கவிகள்’ என்று இணைத்தே பேசுகிறது. 1909இல் பிறந்த ராகவன் பிள்ளை 1936 ஜூலையில், 27ஆம் வயதில், கொல்லத்தில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதே ஆண்டில் சங்கம்புழ தம் நண்பரின் நினைவாக எழுதிய ஆயர்வகை நாடகக் கவிதை ‘ரமணன்’.

மலையாளத்தில் ‘ரமணன்’ பெற்ற வாசிப்புக்கு ஈடான ஒன்றைத் தமிழில் தேடுவது கடினம். அது பதிப்பு மேல் பதிப்பாக விற்றது. கதாப்பிரசங்க மேடைகள் வழியாக எழுத்தறியாதவர்களையும் எட்டியது. 1967இல் திரைப்படமாகவும் வந்தது. கதை எளிமையானது. ஆடு மேய்க்கும் இளைஞன் ரமணன். செல்வர் வீட்டுப் பெண் சந்திரிகை. ரமணனின் தோழன் மதனன். காதல் கைகூடவில்லை. ரமணன் இறக்கிறான். மதனன் புலம்புகிறான்.

இலக்கிய மாணவர்கள் ரமணனைப் பற்றியும் சந்திரிகையைப் பற்றியும் ஏராளமாக எழுதியிருக்கின்றனர். மதனனைப் பற்றிய கேள்வி அரிதாகவே எழுப்பப்படுகிறது. தோழன் கண்ணெதிரே கரைந்துகொண்டிருக்கிறான். அது மதனனுக்குத் தெரிகிறது. அவன் அறிவுரை கூறுகிறான், தேற்றுகிறான். பிறகு இரங்கல் பாடுகிறான். அறிவுரைக்கும் இரங்கலுக்கும் நடுவே அவன் செய்யக்கூடியது வேறொன்றும் இருக்கவில்லையா?

1936இல் இருக்கவில்லை என்பதே நேர்மையான விடை. இன்றைய கேரளத்தின் நிலப்பரப்பில் அன்று திருவனந்தபுரம், கோழிக்கோடு, திருச்சூர் ஆகிய இடங்களில் மனநோய்க் காப்பகங்கள் இருந்தன. அவை பத்தொன்பதாம் நூற்றாண்டில், சமூகத்திலிருந்து நோயரைப் பிரித்து வைப்பதற்காக எழுந்தவை. நண்பனை ஒரு பிற்பகல் அழைத்துச் சென்று, மருத்துவரிடம் பேசவைத்து, மாலையில் வீட்டுக்குக் கூட்டிவரும் இடங்களாக அவை இல்லை. மனச்சோர்வைத் தணிக்கும் முதல் மருந்துகளில் ஒன்றான இமிப்ரமினைப் பற்றி ஸ்விட்சர்லாந்து மருத்துவர் ரோலண்ட் கூன் அறிவித்தது 1957இல். ஆகவே மதனனைக் குறைகூறுவது வரலாற்றுப் பிழை. ராகவன் பிள்ளைக்கு நோய் இருந்தது என்று கவிதைகளை வைத்துக்கொண்டு இன்று நோயறிதல் செய்வது அதைவிடப் பெரிய பிழை. கவிதை மருத்துவக் குறிப்பேடு அன்று.

கேள்விக்குரியது இன்றைய மதனன்களின் நடத்தை. மருந்தும் மருத்துவரும் சட்டமும் வந்த பிறகும் அவர்கள் 1936இன் வழியிலேயே நிற்கின்றனர். நிமான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு, கேரளம் உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு (2015–16), மனச்சோர்வு நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை என்று காட்டியது. மருத்துவர் பற்றாக்குறை இதற்கு ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் மருத்துவமனைகள் அடர்ந்த ஒரு நகரத்தில் அந்தக் காரணம் முழுமையாகச் செல்லாது. இடப்பள்ளியின் எல்லைக்குள் ஒரு பெரிய தனியார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சற்றுத் தொலைவில் களமசேரியில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தொலைவு தடையாக இல்லாத இடத்திலும் நோயர் மருத்துவரைச் சேராமல் போவதற்கு வேறு தடைகள் உண்டு.

முதல் தடை, காரணக்கதை. சங்கம்புழ 1948இல், 36ஆம் வயதில், காசநோயால் இறந்தார். அவர் மரணத்தைப் பற்றி எழுதுவோர் நோயின் பெயரைச் சொல்லி நிறுத்திவிடுகின்றனர். ராகவன் பிள்ளையின் மரணத்தைப் பற்றி எழுதுவோர் ஒரு கதையைச் சொல்கின்றனர்: காதல், வர்க்க ஏற்றத்தாழ்வு, ஏழ்மை. கதை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் துயரத்துக்கு ஒரு கதை கிடைத்தவுடன் சுற்றியிருப்போர் நிறைவடைந்துவிடுகின்றனர் என்பதே சிக்கல். ‘அவனுக்கு நெறியாளரோடு பிணக்கு’, ‘அவளுக்குத் திருமணப் பேச்சு முறிந்துபோயிற்று’, ‘உதவித்தொகை எட்டு மாதமாக வரவில்லை, வேறென்ன செய்வான்’ என்று வளாகங்களில் சொல்லப்படும் ஒவ்வொரு விளக்கமும் மருத்துவரை நோக்கிச் செல்லும் வழியை அடைக்கிறது. காரணம் இருந்தால் அது நோயாகாது என்பது அதன் உட்பொருள். எலும்பு முறிந்தவனிடம், வண்டி மோதியது தெரிந்துவிட்டது, ஆகவே மாவுக்கட்டு தேவையில்லை என்று எவரும் கூறுவதில்லை.

மருத்துவம் கேட்கும் கேள்விகள் வேறு. தாழ்ந்த மனநிலையோ, எதிலும் ஈடுபாடு இல்லாத நிலையோ பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதியில், இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் நீடித்திருக்கிறதா? உறக்கம், பசி, கவனம், உடல்வலு ஆகியவை மாறியிருக்கின்றனவா? தன்னைப் பயனற்றவனாக உணர்கிறானா? சாவைப் பற்றிய எண்ணம் வருகிறதா? அன்றாடச் செயல்கள் தடைபட்டிருக்கின்றனவா? ‘ஏன்’ என்ற கேள்விக்கும் அங்கு இடமுண்டு. ஆனால் அது வாசலில் நின்று வழிமறிக்கும் கேள்வியாக இருப்பதில்லை.

இரண்டாம் தடை சொற்களில் இருக்கிறது. தமிழ் நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் ‘மன அழுத்தம்’ என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு நிலைகளுக்குப் பயன்படுத்துகின்றன. தேர்வுக்கு முந்தைய நாள் நெருக்கடியும் மன அழுத்தம். மூன்று மாதமாகப் படுக்கையை விட்டு எழ இயலாத நோயும் மன அழுத்தம். கலைச்சொல்லாளர் முன்வைத்த ‘மனச்சோர்வு’ என்ற சொல்லோ, களைப்பு என்ற பொருளையே பொதுமக்களுக்குத் தருகிறது. விளைவை எளிதில் ஊகிக்கலாம். ஒருவர் தமக்கு மன அழுத்தம் என்று சொன்னால் நடைப்பயிற்சியும் யோகாவும் விடுமுறையும் பரிந்துரைக்கப்படுகின்றன. மனச்சோர்வு என்று சொன்னால் நன்றாகத் தூங்கி எழச் சொல்கின்றனர். நோய்க்குத் தனிப்பெயர் இல்லாதபோது அதை நோயென்று நம்பவைக்கும் சுமை நோயர் மீதே விழுகிறது. மலையாளத்தில் ‘விஷாதரோகம்’ என்ற சொல் நிலைபெற்றிருக்கிறது. ‘ரோகம்’ என்ற பின்னொட்டு சிறியதாகத் தோன்றலாம்; அது செய்யும் வேலை பெரிது. தமிழில் ‘மனச்சோர்வு நோய்’ என்று தயங்காமல் எழுதத் தொடங்குவதற்கு எந்தக் கலைச்சொற்குழுவின் ஒப்புதலும் தேவையில்லை.

கொச்சியில் இச்சிக்கல் இன்னொரு மடிப்பையும் பெறுகிறது. மட்டாஞ்சேரி, கொச்சிக்கோட்டைப் பகுதிகளில் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. வெளியில் உள்ள சலவைத்துறையில் உழைக்கும் வண்ணார் சமூகத்தினர் அவர்களுள் ஒரு பிரிவினர். ‘வெளி’ என்பது அங்கே ஊர்ப்பகுதியின் பெயர். வேலைக்கும் படிப்புக்கும் தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருவோர் இடப்பள்ளி, களமசேரிப் பக்கங்களில் தங்குகின்றனர். தமிழும் மலையாளமும் நெருங்கிய மொழிகள் என்பதால் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்று இரு தரப்பினரும் கருதுகின்றனர். அந்த நெருக்கமே பொறி. மலையாளத்தில் ‘விஷமம்’ என்றால் மனத்துயரம். தமிழில் குறும்பு, தீங்கு. மலையாளத்தில் ‘சங்கடம்’ என்பது ஆழ்ந்த துக்கம். தமிழில் தர்மசங்கடம், இக்கட்டு, இலேசான அசௌகரியம். ‘விஷமமுண்டோ’ என்று மருத்துவர் பரிவோடு கேட்கும்போது, வீட்டில் குழந்தை செய்யும் குறும்பைப் பற்றிக் கேட்கிறார் என்று ஒரு தமிழ்த் தாய் எண்ணக்கூடும். ‘கொஞ்சம் சங்கடமா இருக்கு’ என்று தமிழர் வயிற்று உபாதையைச் சொன்னால் மலையாள மருத்துவர் அதை வேறாகக் கேட்கக்கூடும். முற்றிலும் அயலான மொழிகளில் பிழை உடனே வெளிப்பட்டுவிடும். இங்கு இருவரும் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குச் சென்றுவிடுவர்.

இதனோடு உடலின் மொழியும் சேர்கிறது. ‘மனம் சரியில்லை’ என்று சொல்லி மருத்துவமனைக்கு வருவோர் குறைவு. நெஞ்சு பாரம், தலைக்கனம், உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போன்ற வலி, வயிற்றில் எரிச்சல், உறக்கமின்மை என்றே முறையீடுகள் அமைகின்றன. இது கீழைநாட்டாரின் அறியாமை என்று கருதுவோர் ஆர்தர் கிளெய்ன்மன் 1980களின் தொடக்கத்தில் சீனாவின் ஹூனான் மாநிலத்தில் செய்த ஆய்வை வாசிக்கலாம். ‘நரம்புத் தளர்ச்சி’ என்று பெயரிடப்பட்டிருந்த 100 நோயருள் 87 பேருக்கு மனச்சோர்வு நோயின் அளவுகோல்கள் பொருந்தின. அவர்கள் தம் துயரை அறியாதவர்கள் அல்லர். அதைச் சொல்வதற்குச் சமூகம் இசைவளித்த மொழி உடலின் மொழியாக இருந்தது. தமிழ்நாட்டுச் சுவர்களிலும் ‘நரம்புத் தளர்ச்சி’ விளம்பரங்கள் பல காலமாக வாழ்ந்துவருவதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே உடன் செல்பவரின் முதற்பணி, ஒரு தாள் எழுதுவது. எப்போதிலிருந்து உறக்கம் கெட்டது, எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, எடை குறைந்ததா, எந்த வேலைகள் நின்றுபோயின, முன்பு எப்போதாவது இதற்கு நேர்மாறாக, உறக்கமே தேவைப்படாமல் அளவுகடந்த உற்சாகத்தோடும் செலவோடும் சில நாட்கள் கழிந்தனவா, குடும்பத்தில் வேறு எவருக்கும் இத்தகைய நோய் இருந்ததா, இப்போது உட்கொள்ளும் மருந்துகள் எவை, குடிப்பழக்கம் உண்டா. இவற்றை நோயரோடு அமர்ந்து, அவர் சொற்களிலேயே எழுத வேண்டும். அளவுகடந்த உற்சாகம் பற்றிய கேள்வி மிக முக்கியமானது. இருமுனை நோய்க்கான சிகிச்சை வேறு. மனச்சோர்வு மருந்து மட்டும் தரப்பட்டால் அது தீங்காகவும் முடியலாம். இந்தத் தாள் பத்து நிமிடச் சந்திப்பைப் பயனுள்ளதாக்கும். ‘விஷம’க் குழப்பத்தையும் தவிர்க்கும்.

‘நீ மனநல மருத்துவரைப் பார்’ என்று சொல்வது உதவி ஆகாது. அறிவுரை என்ற அளவில் அது மதனனின் சொற்களோடு முடிந்துவிடுகிறது. மனச்சோர்வு நோயின் இயல்பே முடிவெடுக்கும் ஆற்றலையும் முயற்சியையும் பறிப்பது. அந்நிலையில் இருப்பவரை எண்ணைத் தேடி, அழைத்து, நேரம் கேட்டு, தனியே பேருந்தேறிச் செல்லச் சொல்வது, கால் முறிந்தவரை நடந்து வரச் சொல்வதற்கு ஒப்பாகும். நேரத்தை முன்பதிவு செய்து, வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வண்டியோடு வாசலில் நின்று, காத்திருப்பு அறையில் உடன் அமர்ந்து, மருத்துவர் தனியே பேச விரும்பினால் வெளியே வந்து நிற்பதே உதவி. மனநல மருத்துவர் என்ற சொல்லே அச்சம் தருமானால் குடும்ப மருத்துவரிடமிருந்து தொடங்கலாம். தைராய்டுக் குறைபாடு, இரத்தசோகை போன்றவையும் இத்தகைய சோர்வைத் தரும் என்பதால் அந்தப் பரிசோதனைகள் எப்படியும் தேவைப்படலாம். கேரளத்தின் ஆர்த்ரம் திட்டத்தின்கீழ் குடும்ப நல மையங்களில் மனச்சோர்வுக்கென்றே ‘ஆஸ்வாசம்’ என்ற கிளினிக்குகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. காய்ச்சலுக்குச் செல்லும் அதே கட்டடம், அதே சீட்டு. அயலார் பார்வைக்கு அஞ்சும் குடும்பங்களுக்கு இது சிறிய சலுகை அன்று.

கோயிலுக்கும் தர்காவுக்கும் தேவாலயத்துக்கும் அழைத்துச் செல்லும் குடும்பத்தினரோடு சண்டையிடுவது வளாகத்தினரின் வழக்கம். சோட்டானிக்கரை பகவதி கோயில் கொச்சிக்கு அருகில்தான் இருக்கிறது. மனநோய் தீர்க்கும் தலமாகவே அதை அறிந்தோர் பலர். இங்கு அவசரத் தீர்ப்பு பயன்படாது. தமிழ்நாட்டில் ஒரு சிற்றூர்க் கோயிலில் தங்கியிருந்த நோயரைப் பற்றி ரகுராமும் பிறரும் 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வு, நோய்க்குறிகள் ஓரளவு தணிந்ததையும், அங்கு நிலவிய பரிவான சூழல் அதற்கு உதவியிருக்கலாம் என்பதையும் பதிவு செய்தது. மறுபுறம், 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநோயர் விடுதியில் தீப்பிடித்தபோது சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயருள் 28 பேர் உயிரிழந்தனர். வழிபாடு ஒன்று, விடுதியின் சங்கிலி வேறொன்று. ஏர்வாடி தர்காவிலேயே பின்னர் ‘தவா–துவா’ என்ற பெயரில் மருந்தும் பிரார்த்தனையும் ஒருங்கே கிடைக்க அரசு வழிசெய்தது. பாட்டி நேர்ந்துகொண்ட குருதி பூசைக்குச் சென்றுவந்த மறுநாளே மருத்துவரிடம் நேரம் வாங்கியிருந்தால் இரு தரப்புக்கும் இழப்பில்லை.

மிகக் கடினமான கேள்வியை நேராகவே கேட்க வேண்டும்: ‘உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா?’ கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற அச்சம் பரவலாக உண்டு. மேட்லின் கூல்ட் குழுவினர் நியூயார்க் மாநிலத்தில் 2,000க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வு, கேள்வி கேட்கப்பட்டவர்களிடம் துயரமோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை என்று காட்டியது. விடை ‘ஆம்’ எனில் அவரைத் தனியே விடாமல் இருப்பதும், ஆபத்தான பொருட்களை எட்டாத இடத்துக்கு அகற்றுவதும், அன்றே மருத்துவமனைக்குச் செல்வதும் வரிசையாக நிகழ வேண்டும். டெலி மனாஸ் எண் 14416, தமிழிலும் மலையாளத்திலும், நாள் முழுவதும். கேரளத்தில் திசா எண் 1056. ‘யாரிடமும் சொல்லாதே’ என்று கேட்கப்படும் வாக்குறுதியை இந்த ஒரு நிலையில் தரக்கூடாது. நட்பு முறிந்தாலும் பிறகு ஒட்டவைத்துக்கொள்ளலாம்.

சட்டத்தைப் பற்றிய பழைய அச்சமும் சிலரை மருத்துவமனை வாசலிலேயே திருப்பியனுப்புகிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, அதன் 115ஆம் பிரிவில், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனநெருக்கடியில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படக்கூடாது என்கிறது. நோயரின் மருத்துவத் தகவல்கள் மறைவாகக் காக்கப்பட வேண்டும் என்கிறது 23ஆம் பிரிவு. 14ஆம் பிரிவின்படி நோயர் தமக்கான பிரதிநிதியைத் தாமே நியமிக்கலாம். அவர் இரத்த உறவினராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. வீட்டை விட்டு வெகுதொலைவில் படிப்போருக்கு, அறைத்தோழர் சட்டப்படி ஓர் இடம் பெறக்கூடிய அரிய வாய்ப்பு இது. வளாகங்களில் இதை அறிந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்.

பல்கலைக்கழகங்கள் இங்கே தப்பித்துக்கொள்ள முடியாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள் முனைவர் பட்டத்துக்கு ஆறு ஆண்டுகளும், மறுபதிவின் பேரில் மேலும் இரண்டு ஆண்டுகளும் தருகின்றன. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் ஊனமுற்றோருக்கும் கூடுதல் தளர்வு உண்டு. ஆறு மாதம் நோயுற்று மீண்ட ஆய்வாளர் இந்தத் தளர்வுக்குள் அடங்கமாட்டார். மனச்சோர்வு வந்துபோகும் நோய். சான்றிதழோ நிலையான விழுக்காட்டைக் கேட்கிறது. ஆகவே ஆய்வாளர் நோயை மறைக்கிறார், நெறியாளர் அதைச் சோம்பல் என்று வாசிக்கிறார், அறிக்கையில் ‘முன்னேற்றம் திருப்தியில்லை’ என்று எழுதப்படுகிறது. ஆலோசகர் ஒருவரை வாரம் இருமுறை வரவழைத்து அறிவிப்புப் பலகையில் சுவரொட்டி ஒட்டுவதைவிட, மருத்துவ விடுப்புக் காலத்தை ஆய்வுக்காலத்திலிருந்து கழிக்கும் ஒரே ஒரு விதி மிகுதியான உயிர்களுக்கு உதவும்.

இலக்கியத் துறைகளுக்கும் ஒரு சொல். கதேயின் வெர்தர் 1774இல் வெளிவந்தது. அந்தப் பெயரைக் கொண்டே டேவிட் பிலிப்ஸ் 1974இல், செய்திகளைப் பின்பற்றி நிகழும் தற்கொலைகளுக்கு ‘வெர்தர் விளைவு’ என்று பெயரிட்டார். 2010இல் தாமஸ் நீடர்குரோட்டன்தாலரும் பிறரும் அதற்கு மறுதலையான ஒன்றைக் காட்டினர்: நெருக்கடியிலிருந்து மீண்டவர்களைப் பற்றிய செய்திகள் காக்கும் தன்மை உடையவை. மோட்சார்ட்டின் இசைநாடகத்தில் சாகத் துணிந்த பாப்பகேனோவை மூன்று சிறுவர் தடுத்து வேறு வழியைக் காட்டுவதால் அதற்கு ‘பாப்பகேனோ விளைவு’ என்று பெயர். ‘ரமணன்’ பாடத்திலிருந்து நீக்கப்பட வேண்டியதில்லை. மதனனுக்குப் பதில் அந்த மூன்று சிறுவர் அங்கிருந்தால் கவிதை என்னவாகும் என்று வகுப்பில் கேட்கலாம். கவிதை கெட்டுவிடும் என்றே மாணவர்கள் பெரும்பாலும் விடையளிப்பர். அந்த விடையைக் கரும்பலகையில் எழுதிவைத்துவிட்டு ஒரு மணிநேரம் பேசலாம்.

மருத்துவரைச் சந்தித்துவிட்டு வந்த மறுவாரமே உடன்சென்றவர்கள் விலகிவிடுகின்றனர்; கடமை முடிந்ததாகக் கருதுகின்றனர். மருந்து தன் வேலையைக் காட்ட இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். குமட்டல், படபடப்பு, தூக்கக் கலக்கம் போன்ற பக்கவிளைவுகளோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். பயன் தெரியாமல் துன்பம் மட்டும் தெரியும் அந்த இடைவெளியில்தான் பெரும்பாலான மருந்து அட்டைகள் மேசை இழுப்பறைக்குள் போகின்றன. இளையோருக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று கவனிக்கவும் வேண்டும். குணமான பிறகும் சில மாதங்கள் மருந்து தொடரும். நிறுத்துவதென்றால் மருத்துவர் சொல்லும் படிப்படியான அளவில்தான். ‘இன்று சாப்பிட்டாயா’ என்று கேட்பது மட்டும் போதாது. நான்காம் வாரச் சந்திப்புக்கான நாளைத் தம் கைப்பேசியிலும் குறித்துவைத்துக்கொண்டு, அன்று காலை மீண்டும் வாசலில் வந்து நிற்க வேண்டும்.